பந்திக்கு முன் பாதாம் பால்

மாமா,

போன வெள்ளிக்கிழமை காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். உங்கள் மகள் செல்வியின் தோழி வீட்டு விசேஷம் என்பதால் தப்பிக்க வழியில்லை. பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் உப்புகூட வைக்கவில்லை, அதற்குள் ஆவி பறக்க ஆளுக்கொரு டம்ளர் பாதாம் பால் வந்தது. பக்கத்து இலைக்காரர் எல்லாம் தெரிந்தவர் போல என் பக்கம் சாய்ந்தார்.

"இப்பல்லாம் இப்பிடித்தான் சார். சிங்கப்பூர் ஸ்டைலு. மொதல்ல சூடா ஒண்ணு உள்ள போனா பசி நல்லா எடுக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வந்து பாதாம் பால் மூக்கில் ஏறிவிட்டது. செல்வி இடுப்பில் ஓர் இடி இடித்தாள். பக்கத்து இலைக்காரர் இலையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சிங்கப்பூராம்! அந்தப் பால் எந்த மண்டபத்தில், எந்தச் சங்கடத்தில் பிறந்தது என்று தெரிந்தவர்கள் மொத்தமே நாலு பேர். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவருக்குத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாலைக் குடித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தேன். பழக்கதோஷம், முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எழுந்து எங்கே போனேன் என்பது உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். இருந்தாலும் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஆகாது. "மொதல்ல இருந்து சொல்லுங்க மாப்ள, அவசரத்துல அரிசி வேகாது" என்று கையைக் காட்டி நிறுத்துவீர்கள். ஆகவே முதலிலிருந்தே வருகிறேன்.

உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே நமக்குள் முட்டிக்கொண்டது. செல்வி கேசரியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் நான் செல்வியைப் பார்ப்பேன் என்று காத்திருந்தார்கள். நான் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. காலையிலிருந்து திருமங்கலத்தில் குழாய் குழாயாக முகர்ந்துவிட்டு வந்த மூக்கு அது, அதற்கு வேலை நேரம் முடிந்தது தெரியாது. நீங்கள்தான் முதலில் வாயைத் திறந்தீர்கள்.

"தண்ணில என்ன மாப்ள, விஷமா கலந்திருக்கோம்?"

பிறகு விசாரணை நடந்தது. இன்ஜினியர் என்று தரகர் சொல்லியிருந்தார், அதற்குமேல் அவரும் சொல்லவில்லை.

"கட்டடம் கட்டுவீங்களா?"

"இல்ல மாமா."

"பாலம்?"

"இல்ல."

"ரோடாச்சும் போடுவீங்களா?"

"போட்ட ரோட்டைத் தோண்டுவோம்."

என் அம்மா என் காலை மிதித்தாள். நான் பொது சுகாதாரத் துறையில் சுற்றுச்சூழல் பொறியாளர் என்றும், குடிதண்ணீரில் கிருமி இல்லாமல் பார்ப்பது, சாக்கடை குழாயோடு கலக்காமல் பார்ப்பது, குப்பை, கொசு, ஆஸ்பத்திரிக் கழிவு இவைதான் என் வேலை என்றும் விளக்கினேன். சாக்கடை என்ற இடத்தில் அத்தை கேசரித் தட்டை ஒரு சாண் பின்னால் இழுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் "கவர்மெண்டு வேலைதானே?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பெண் கிடைத்தது.

ஆனால் சொந்தக்காரர்களிடம் என் வேலையைச் சொல்ல நீங்கள் பட்ட பாடு! "மாப்ள பெரிய இன்ஜினியரு" என்பீர்கள். என்ன இன்ஜினியர் என்று யாராவது கேட்டுவிட்டால் உடனே, "ரசம் எப்பிடி இருந்துச்சு?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். எனக்கும் கோபம் வரும். மற்றவன் கட்டிய பாலத்தைக் கை காட்டலாம். ஒரு தெருவில் யாருக்கும் பேதி வராமல் இருந்ததை எந்தக் கையால் காட்டுவது? நான் நன்றாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது, நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? இதைச் செல்வியிடம் புலம்பினால், "ஒண்ணும் நடக்கலைன்னா சந்தோஷமா தூங்க வேண்டியதுதானே?" என்பாள். அவள் உங்கள் வளர்ப்பு.

உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்கே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால் நீங்கள் மீசையைத் தடவுவீர்கள். காளவாசலுக்கு மேற்கே பந்தி என்றால் உங்கள் கைச் சமையல்தான். உங்கள் பெருமைக்கு இரண்டு தூண்கள். ஒன்று, உங்கள் பந்தி தாமதமானதே இல்லை. இன்னொன்று, பரவை ஊர்க் கிணற்றுத் தண்ணீர். எந்த மண்டபமாக இருந்தாலும் அந்தக் கிணற்றிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தாக வேண்டும். "அந்தத் தண்ணி இருந்தா ரசத்துக்குப் புளியே வேணாம் மாப்ள" என்று அடித்துவிடுவீர்கள். நான், "அதுல கொஞ்சம் குளோரின் மட்டும் போட்டுட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தால் போதும், காதைப் பொத்திக்கொள்வீர்கள். சமையல் மாஸ்டர் பாண்டி அண்ணனிடம், "பிளீச்சிங் மாப்ள வாராரு, அண்டாவ மூடு" என்று சொன்னதும் என் காதில் விழாமல் இல்லை. அந்தப் பேர் கல்யாண வீடெல்லாம் பரவி, கடைசியில் என் சொந்த மகளே ஒருநாள் என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

கொதித்தால் மருந்து வாசம் போய்விடும், ரசத்துக்கு ஒரு பங்கமும் வராது, நான் கேட்பது இலையில் வைக்கும் தண்ணீருக்கும் மோருக்கும்தான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "மோர்ல ஆஸ்பத்திரி வாசம் அடிச்சா எவன் மாப்ள குடிப்பான்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்புறம் அந்த முகூர்த்த நாள் வந்தது.

அதற்கு முந்தின நாளே கல்யாணம் நடந்த மண்டபத்தை ஒட்டிய நாலு தெருவில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்திருந்தது. நானும் என் ஆட்களும் வீடு வீடாகக் குழாயைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்தோம். சோதனை என்றால் பெரிய விஷயமில்லை. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டுச் சோதனை மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அந்தத் தெருக்களில் ஒரு வீட்டிலும் மஞ்சளாகவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் தோண்டிப் பார்த்தால், சாக்கடைக்குள்ளேயே நீச்சலடித்துக்கொண்டு போகிறது குடிதண்ணீர்க் குழாய், நடுவில் ஒரு விரிசல். சப்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் தெருமுனையில் வாழைமரம், மேளச்சத்தம். வாசல் போர்டில், சமையல் என்று உங்கள் பேர்.

ஓடி வந்தேன், மாமா. முழங்கால் வரை சேற்றோடு சமையல்கட்டுக்குள் வந்து நின்ற என்னைப் பார்த்து உங்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. பெண் வீட்டார் உங்கள் பங்காளிகள் வேறு. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. அண்டா நிறைய மோர் கலக்கி, கொத்தமல்லி மிதந்துகொண்டிருக்கிறது.

தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. நீங்கள் குனிந்து பார்த்து, அடுப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

"பாத்தீங்களா மாப்ள! நிறமே மாறல. அம்புட்டு சுத்தம்!"

"மாமா, நிறம் மாறலைன்னாத்தான் மோசம்."

"எந்த ஊரு நியாயம் இது? பச்சத் தண்ணியா இருந்தா தப்பு, மஞ்சத் தண்ணியா இருந்தா சரியா?"

பாண்டி அண்ணன் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். நாலு தெருவில் குழந்தைகள் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். "இந்தத் தண்ணிய ஒருத்தரும் குடிக்கக் கூடாது. மருந்து கலந்து அரைமணி நேரம் ஆகட்டும், அப்புறம் பந்தி. நான் இப்ப மாப்ளயா வரல, ஆபீசரா வந்திருக்கேன்" என்றேன்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள்.

"அப்ப ஆபீசர் வெளிய நிக்கட்டும். மாப்ள உள்ள வந்து சாப்பிடட்டும்."

நான் வேறொன்று கேட்டேன்.

"இது பரவைத் தண்ணிதானா மாமா?"

"பின்ன? என்னைக்கு நான் வேற தண்ணி ஊத்திருக்கேன்?"

அப்போதுதான் பாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே, "அண்ணே... முகூர்த்த நாள்னு டேங்கர் இன்னும் வரல. நேரமாவுதேன்னு மண்டபத்துக்காரர் கீழ்த்தொட்டியில இருந்து மோட்டார் போட்டு விட்டுட்டாரு. ஒங்ககிட்ட சொன்னா கத்துவீங்கன்னு..." என்றார்.

கீழ்த்தொட்டி என்றால் தெருக்குழாய். தெருக்குழாய் என்றால் நான் காலையில் தோண்டிப் பார்த்த அதே குழாய்.

நீங்கள் கத்தவில்லை. மோர் அண்டாவைப் பார்த்தீர்கள். பிறகு கூடத்தை எட்டிப் பார்த்தீர்கள். முதல் வரிசையிலேயே, அத்தையோடு கல்யாணத்துக்கு வந்திருந்த என் மகள், உங்கள் பேத்தி, இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் தொப்பையோடு நீங்கள் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டம்ளரைப் பிடுங்கினீர்கள். அவள் அழுதாள். வரிசையில் வைத்திருந்த டம்ளர் எல்லாவற்றையும் நீங்களே வாளியில் கவிழ்த்துக்கொண்டு வந்தீர்கள்.

திரும்பி வந்து, அண்டாவின் ஒரு காதை நீங்கள் பிடித்தீர்கள், மறு காதைப் பாண்டி அண்ணன். மோர் முழுவதும் சாக்கடையில் போயிற்று. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கட்டிக் கொடுத்த பெண் பஸ் ஏறும்போதுகூட நீங்கள் அப்படி முகத்தைத் திருப்பவில்லை என்று பிறகு அத்தை சொன்னார்கள்.

"அரைமணி நேரம் எப்பிடி மாப்ள நிறுத்துறது? இலை போட்டாச்சு. மாப்ள வீட்டுக்காரய்ங்க காலைல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காய்ங்க. எந்திரிச்சுப் போயிட்டாய்ங்கன்னா எம் பேரு நாறிரும்."

நான் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டுக்கொண்டே, "என்னமோ செய்யுங்க மாமா, அரைமணி எனக்கு வேணும்" என்றேன். மருந்து கிருமியைக் கொல்ல அவ்வளவு நேரம் வேண்டும். அதில் பேரம் கிடையாது.

நீங்கள் சட்டென்று கேட்டீர்கள், "கொதிச்சது எதுவும் குடுக்கலாமா?"

"தாராளமா."

"பாண்டி! ராத்திரி ரிசப்ஷனுக்கு வெச்ச பால எல்லாம் அடுப்புல ஏத்து. பாதாம் பவுடரக் கொட்டு. டம்ளர எல்லாம் கொதிக்கிற தண்ணில முக்கி எடு. நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு போ. ஊதி ஊதிக் குடிக்கணும். ஒருத்தனும் மடக்குனு குடிச்சிரக் கூடாது."

அரைமணி நேரம் அந்த மண்டபமே ஊதியது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "என்னப்பா இது, சோறு எங்க?" என்று எழுந்தபோது நீங்கள் கைகூப்பிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு சொன்னீர்கள். "சிங்கப்பூர் ஸ்டைலுண்ணே. அங்கல்லாம் பந்திக்கு முன்னாடி இதான். ஒங்க சம்பந்தி ஸ்பெஷலா கேட்டாரு." நீங்கள் அதுவரை ராமேஸ்வரத்தைத் தாண்டிப் போனவரில்லை.

நேரம் ஆனதும் மறுபடி சொட்டு விட்டேன். மெல்ல மஞ்சளானது. நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தீர்கள்.

"எலுமிச்சம்பழச் சாதம் கலர்ல இருக்கே மாப்ள."

"அதான் சரி. சாம்பார் கலர் வந்தாத்தான் அதிகம்."

"இத மொதல்லயே இப்பிடிச் சொல்லிருந்தா எனக்கு வெளங்கிருக்கும்ல? குளோரினு, கிளோரினுன்னுகிட்டு!"

பந்தி நடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழக்கம் போல, நடக்காததற்கு மாலை இல்லை. தண்ணீரில் மருந்து நெடி என்று இரண்டு பேர் முகம் சுளித்தது மட்டும் உங்கள் காதுக்கு வந்தது. நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நான் எதிரில் நிற்கும்போதே, "செல்வி, ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு, தோசை ஆறுதுன்னு" என்பீர்கள். நானும் விடவில்லை. "செல்வி, ஒங்கப்பாட்ட சொல்லு, சட்னிக்கு எந்தத் தண்ணின்னு." அவள் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பிறகு அந்தத் தொட்டித் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. மருந்து போடுமுன் எடுத்த தண்ணீர். மலக்கிருமி இருந்தது. வீட்டுக்கு வந்து செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பரை மடித்து வைத்தீர்கள்.

"அந்த மோரு, மாப்ள?" நேராக என்னிடமே கேட்டீர்கள்.

"அதுலயும் இருந்திருக்கும் மாமா."

பேத்தியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "அந்தச் சொட்டு மருந்துப் பெட்டி எங்க விக்குது?" என்று கேட்டீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் சாமான் வண்டியில் கரண்டியோடு கரண்டியாக அந்தப் பெட்டியும் ஏறியது. பாண்டி அண்ணன் சொட்டு விட்டுவிட்டு, "எலுமிச்சை வந்திருச்சுண்ணே" என்று கத்தினால்தான் தண்ணீர் வாளி கூடத்துக்குப் போகும். பாதாம் பாலும் நிலைத்துவிட்டது, ஏனென்றால் மருந்து போட்டு அரைமணி காத்திருக்க உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. "அந்த சிங்கப்பூர் பாலு உண்டுல்ல?" என்று கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மற்ற சமையல்காரர்கள் காப்பியடித்தார்கள். என் துறையில் இத்தனை வருஷத்தில் நான் போட்ட எந்தத் திட்டமும் இவ்வளவு வேகமாகப் பரவவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் என்னை ஆட்களிடம் அறிமுகப்படுத்த ஆரம்பித்தீர்கள். "நம்ம மாப்ள. தண்ணிக்கு டாக்டர் மாதிரி. இவரு கை வெச்சா ஊருல ஒருத்தனுக்கும் வயிறு வலிக்காது." அது பச்சைப் பொய். ஆனாலும் முதல் முறை கேட்ட அன்று நான் ஆபீசுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "மாப்ள, ஒரே ஒரு தடவ. பரவைக் கிணத்துத் தண்ணி. ஒங்க மருந்து போடாம. ஒரு டம்ளர்." செல்வி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? போனேன். கேன் நிறைய எடுத்தேன். நான் நான்தானே, வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிக்க வைத்து, ஆறவைத்து, கழுவிய பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தேன்.

டம்ளரைக் கையில் வாங்கினீர்கள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்குக்குக் கொண்டுபோனீர்கள்.

"என்ன மாப்ள, வாசமே இல்ல?"

"நீங்கதான மாமா மருந்து வேணாம்னீங்க?"

"வேணாம்னேன். அதுக்காக? நம்பிக் குடிக்கலாமா?"

கொதிக்க வைத்தது என்று சத்தியம் செய்த பிறகுதான் ஒரு மடக்குக் குடித்தீர்கள். முகம் சுளித்தது. "சப்புன்னு இருக்கு. இதுக்கா நா அம்புட்டு ஆடுனேன்?" என்றீர்கள். செல்வி சிரித்து, சிரித்தபடியே வெளியே போய்விட்டாள். கொதித்து ஆறிய தண்ணீர் எதுவுமே சப்பென்றுதான் இருக்கும், உங்கள் கிணற்றின் மேல் பழி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கிணறு நல்ல கிணறுதான், மாமா. இப்போது சொல்கிறேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டம்ளரை வைத்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். பெட்டி எப்போதும் போலச் சட்டைப் பையில். தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. சமையல் மாஸ்டர் முன்பின் தெரியாத ஆள். நான் யாரென்று சொல்லிக் கேட்டேன், "பாதாம் பால் எதுக்கு மொதல்ல குடுக்குறீங்க?"

"ஸ்டைலு சார். சிங்கப்பூர்ல..."

பாலை மட்டும் காப்பியடித்துவிட்டு, பால் எதற்காக என்பதை விட்டுவிட்டார்கள். அந்த ஆளை நிற்கவைத்து, வைத்த டம்ளரையெல்லாம் எடுக்கச் சொல்லி, மருந்தைக் கரைத்து ஊற்ற வைத்து, இன்னொரு சுற்றுப் பால் அனுப்பச் சொன்னேன். "சார், பந்தி லேட்டாவுது, எம் பேரு போயிரும்" என்று அவர் கையைப் பிசைந்தார். அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம், அன்றைக்கு நீங்கள் பட்டது. "ஒண்ணும் போவாது. ஊதி ஊதிக் குடிக்கட்டும்" என்றேன். பேசியது நான்தான், குரல் உங்களுடையது.

நேரம் கழித்துச் சொட்டு விட்டபோது அவர் குனிந்து பார்த்தார். "என்ன கலர் சார் வரணும்?"

"எலுமிச்சம்பழச் சாதம்" என்றேன். உடனே விளங்கிக்கொண்டார்.

திரும்பி வருவதற்குள் என் இலையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். செல்வி எனக்காகக் காத்திருந்து, அடுத்த பந்தியில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆபீசரை வெளியே நிறுத்திவிட்டு, மாப்பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். நீங்கள் கூப்பிட்டு எத்தனை வருஷம் கழித்து! தண்ணீர் வந்தது. முகர்ந்தேன். நெடி லேசாக இருந்தது, கச்சிதமாக. உங்கள் சமையல்கட்டு வாசம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளோரின் கொஞ்சம் கண்ணுல பட்டுருச்சு" என்றேன்.

செல்வி தன் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "எலுமிச்சை அளவுதான இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

உங்கள்
பிளீச்சிங் மாப்ள